பக்கத்தின் கடைசிப் பாட்டு வரை: செட்டிநாட்டு வீட்டில் ஒரு பாப் ஆல்பத்தை இசைத்தட்டில் கேட்க முழுமையான வழிகாட்டி

யார் வீட்டு ரெக்கார்டு பிளேயரைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைத்தான். முதல் பாட்டு எந்தப் பிளேயரிலும் ஓரளவு நன்றாகவே ஒலிக்கும். கடைசிப் பாட்டுக்கு வரும்போதுதான் பாடுபவர் குரல் கரகரக்கும், 'ஸ' வரும் இடமெல்லாம் சீறும்.

காரணம் தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. 12 அங்குல எல்பி, அதாவது முழு ஆல்பம் அடங்கும் பெரிய தட்டு, நிமிடத்துக்கு 33 1/3 சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஒரு நொடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளமுள்ள வரி (பாட்டைப் பொறித்த மெல்லிய பள்ளம்) ஊசிக்கு அடியில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அதே ஒரு நொடியில் ஓடுவது சுமார் 21 செ.மீ. தான். ஒரு நொடிப் பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிப் பொறித்திருக்கிறார்கள். ஊசி கொஞ்சம் கோணினாலும், எடை தப்பினாலும், தூசி ஒட்டினாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த இடம்தான். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் கடைசிப் பாட்டைச் சுத்தமாகக் கேட்பதற்காகவே.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது என் உயிரான ஆல்பம்: மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. 1982 நவம்பர் கடைசியில் வந்தது. 9 பாட்டு, 42 நிமிடம். தயாரித்தவர் குவின்சி ஜோன்ஸ், ஒலிப்பதிவு புரூஸ் ஸ்வீடியன். இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. இதை முதலில் முடித்துப் போட்டுக் கேட்டபோது ஒரு பக்கத்துக்கு நேரம் அதிகமாகிப்போய், வரிகள் நெருங்கி, ஒலி மெலிந்து கிடந்தது. பிறகு பாட்டுகளைக் குறுக்கி, மறுபடி மிக்ஸ் செய்தார்கள். 'தி லேடி இன் மை லைஃப்' பாட்டில் ஒரு சரணமே போனது. இன்று நாம் கேட்கும் நீளம் இசைத்தட்டின் இடத்துக்கு ஏற்ப அமைந்த நீளம். இதை செல்போனில் எத்தனை முறை கேட்டிருந்தாலும், அது எந்தப் பொருளுக்காக வெட்டித் தைக்கப்பட்டதோ அந்தப் பொருளில் ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

முதல் படி: அறை

காசு கையில் வந்ததும் எல்லாரும் ஆம்ப்ளிஃபையர் தேடி ஓடுவார்கள். நம் ஊர் வீடுகளுக்கு அது தப்பான வரிசை. முதலில் ஜமுக்காளம் வாங்குங்கள்.

வளவில், அதாவது வீட்டு நடுவில் தூண்கள் சூழ்ந்த முற்றத்தில், நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புச் சுவர், எட்டாத உயரத்தில் தேக்கு உத்தரம். எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். தட்டிய ஓசை தூணுக்குத் தூண் மோதி ஓய்வதற்கு நேரமாகும். நாதஸ்வரத்துக்கு அது பெருமை. பாப் ஆல்பத்துக்கு ஆகாது. டிரம்மின் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியின் மேல் வழிந்து, பாட்டு சேறாகிவிடும்.

வளவை விடுங்கள். சுற்றியுள்ள அறைகளில் ஒன்றைப் பிடியுங்கள். மெத்தை போட்ட கட்டில், துணி அடுக்கிய பீரோ, புத்தக அலமாரி இருக்கும் அறைதான் நல்லது. சீர்ச் சாமான் அடுக்கிய அறை வேண்டவே வேண்டாம். பித்தளை அண்டாவும் எவர்சில்வர் அடுக்கும் தாழ்ந்த சுருதிக்கெல்லாம் கூடவே கிணுகிணுக்கும். எங்கள் வீட்டில் 'பில்லி ஜீன்' தொடங்கும்போது எங்கிருந்தோ ஒரு சலசலப்பு கேட்டது. ஒரு வாரம் ஊசியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அது பரண் மேல் இருந்த தூக்குச் சட்டியின் மூடி.

ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் இடையே 6 முதல் 8 அடி இருக்கட்டும். நீங்கள் உட்காரும் இடமும் இரண்டிலிருந்தும் அதே தூரத்தில் இருந்தால் மூன்று புள்ளிகளும் சம முக்கோணம். ஸ்பீக்கர் பெட்டியில் உள்ள சிறிய வட்டம் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி உறுமும், சுவரை விட்டு இரண்டடி முன்னால் இழுத்துப் பாருங்கள். நடுவில் தரையில் கனமான ஜமுக்காளம். எதிர்ச் சுவரில் பழைய ரஜாய் ஒன்றைத் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். மெல்லிய சேலையோ வேட்டியோ போதாது, தடிமன் வேண்டும். மறுபடி கை தட்டுங்கள். ஓசை 'டப்' என்று நின்றுவிட்டால் அறை தயார்.

தூசியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் நம்முடையவை. செம்மண் புழுதி எங்கே கை வைத்தாலும் ஒட்டும். காலையில் பெருக்கித் துடைத்துவிட்டு, புழுதி முழுக்க அடங்கி, மாலையில் தட்டை வெளியே எடுங்கள். தட்டைத் துடைக்கும்போதும் வைக்கும்போதும் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: மின்சாரம்

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவந்து வைத்த பிளேயர்களில் பல 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் மாறாது. ஏசி மோட்டார் வைத்த பெல்ட் பிளேயர் என்றால் மின்சாரத்தின் துடிப்பை வைத்துத்தான் அது சுற்றும். 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் ஓடினால் 33 1/3 சுற்று 28-க்கும் கீழே இறங்கிவிடும். பாடுபவர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலிருக்கும். அந்த வகைப் பிளேயர்களில் 50 ஹெர்ட்ஸுக்கான கப்பியை மாற்ற வேண்டும். இப்போது வருகிற டிசி மோட்டார் பிளேயர்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கடையில் இதைச் சொல்லாமலே என் தலையில் ஒன்றைக் கட்டினார்கள். வாங்குமுன் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துவிடுங்கள்.

தட்டுச் சக்கரத்தின் ஓரத்தில் புள்ளி வரிசை இருந்தால் வேகத்தைச் சரிபார்க்கலாம். பிளேயரோடு வரும் சின்ன விளக்கின் ஒளியில் 50 ஹெர்ட்ஸ் வரிசை அசையாமல் நின்றால் வேகம் சரி.

பழைய வீடுகளில் மரப்பட்டை மேல் ஓடும் வயரிங்கில் எர்த் இல்லாமலே இருக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்த அறைக்கு மட்டுமாவது எர்த் இழுத்துவிடுங்கள். பாட்டுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் கேட்பதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் என்றால் ஸ்பீக்கரில் வண்டு குடியேறிவிடும்.

மூன்றாம் படி: பிளேயரைச் சரியாக அமைப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு மாலைப் பொழுதை முழுசாக ஒதுக்குங்கள்.

மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தட்டுச் சக்கரத்தின் மேல் வைத்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பாருங்கள். சாய்வு இருந்தால் ஊசி பொருத்திய கை தானாக ஒரு பக்கம் சரியும். பிளேயருக்கு அடியில் கடப்பாக்கல் பலகை ஒன்றைப் போடுவது நல்ல பழக்கம். ஸ்பீக்கரை அதே மேஜையில் வைக்காதீர்கள், அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிடும். உத்தரத்தில் ஊஞ்சல் தொங்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

எடை. ஊசிக்கையின் பின்னால் உள்ள குண்டைத் திருகி, கை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதக்கும்படி செய்யுங்கள். எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்பி, பிறகு குண்டையும் வளையத்தையும் சேர்த்து, கார்ட்ரிட்ஜ் (கையின் நுனியில் ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டி) கம்பெனி சொன்ன எடைக்குக் கொண்டுவாருங்கள். இன்றைய சாதாரண கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு அது 2 கிராம் அளவில் இருக்கும். வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம். நகைக் கடைத் தராசு போல, ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கிறது, அதில் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எடை போதாத ஊசி வரிக்குள் நிலைகொள்ளாமல் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும். சரியான எடையைவிட அதுதான் அதிகம் கெடுக்கும்.

கோணம். கடைசிப் பாட்டின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது. தட்டைப் பொறித்த கருவி விளிம்பிலிருந்து மையத்துக்கு நேர்கோட்டில் நகர்ந்தது. நம் ஊசிக்கை ஒரு முனையில் ஊன்றி வில் போல வளைந்து நகர்கிறது. இரண்டும் முழுக்க ஒத்துப்போவது இரண்டே இடங்களில்தான். பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கின்படி அவை மையத்திலிருந்து 66 மி.மீ. தூரத்திலும் 121 மி.மீ. தூரத்திலும் வரும். அந்த இரண்டு புள்ளிகளும் கட்டங்களும் போட்ட அளவுத் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும்போது அளவு சுருங்காமல் நூற்றுக்கு நூறாக எடுக்கச் சொல்லி, ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். தாளைச் சக்கரத்தில் மாட்டி, ஊசியை முதல் புள்ளியில் இறக்கி, கார்ட்ரிட்ஜின் ஓரம் கட்டத்துக்கு இணையாக நிற்கிறதா என்று நேர் எதிரே கண்ணை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு திருகாணியையும் தளர்த்தி மயிரிழை நகர்த்தி, இரண்டாவது புள்ளியில் பாருங்கள். மறுபடி முதல் புள்ளி. முதல் தடவை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, "ஏன் அப்பு, கோலத்துக்குப் புள்ளி வைக்கிறாப்புல இருக்கே" என்றாள். அவள் சொன்னது சரிதான். புள்ளி தப்பினால் கோலம் மூடாது.

ஆன்டி ஸ்கேட்டிங். சுற்றும் தட்டு கையை எப்போதும் மையம் நோக்கி இழுக்கும். அதற்கு எதிராகப் பிடிக்கும் அமைப்பு இது. ஊசி எடை எந்த எண்ணோ அதே எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு வந்தால் கொஞ்சம் கூட்டுங்கள், இடப்பக்கம் வந்தால் குறையுங்கள்.

இணைப்பு. கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு, தட்டைப் பொறிக்கும்போது பேஸைக் குறைத்து, உயர்ந்த சுருதி ஒலிகளைக் கூட்டிப் பொறித்திருப்பார்கள். பேஸை அப்படியே பொறித்தால் வரிகள் அகன்று இடம் போதாது. ஃபோனோ ப்ரீ ஆம்ப் என்ற சின்னப் பெருக்கி இந்த இரண்டையும் நேராக்குகிறது. ஒலியைப் பெருக்கி, பேஸைத் திரும்பக் கொடுக்கும். பழைய ஆம்ப்ளிஃபையரில் 'ஃபோனோ' என்று தனி நுழைவு இருந்தால் அங்கே செருகுங்கள். 'ஆக்ஸ்' என்ற சாதாரண நுழைவில் நேராகச் செருகினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போல ஈனமாகக் கேட்கும். பிளேயருக்குள்ளேயே ப்ரீ ஆம்ப் இருந்து, அதையும் ஃபோனோவில் செருகினால் ஒலி உடைந்து அலறும். இரண்டில் ஒன்று மட்டும் போதும். கூடவே ஒரு மெல்லிய கிரவுண்ட் வயர் வரும். அதை ஆம்ப்ளிஃபையரின் பின்புறத் திருகாணியில் இறுக்கினால் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் அடங்கும்.

நான்காம் படி: தட்டு

காரைக்குடிக்கும் இசைத்தட்டுக்கும் பழைய உறவு. ஏவி. மெய்யப்பனின் தந்தை ஆவிச்சி செட்டியார் இங்கே நடத்திய கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றார்கள். மகன் சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கியதும் பிறகு படம் எடுத்ததும் அந்தக் கடையின் தொடர்ச்சி என்றே நான் நினைக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவில் இன்றும் தட்டுகள் கிடைக்கின்றன.

அங்கே வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கனமாக, கீழே விழுந்தால் ஓடு போல உடையக்கூடியதாக இருப்பவை 78 சுற்றுத் தட்டுகள். அரக்கில் செய்தவை, பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடப் பாட்டு. அவற்றின் வரி அகலமானது, எல்பி ஊசி பொருந்தாது. அதைவிட முக்கியம்: சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பியைப் போட்டு விளையாடிப் பார்க்காதீர்கள். இரும்பு முள்ளும் அந்தத் தலையின் பாரமும் ஒரே ஓட்டத்தில் வரியை உழுதுவிடும். வினைல் எல்பி 1948-இல்தான் வந்தது, அது வேறு சாதி.

பழைய எல்பி வாங்கினால் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் கேட்காது. நகத்தில் தட்டுப்படும் கீறல் கண்டிப்பாகக் கேட்கும். நடுத் துளையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் தட்டு நிறைய ஓடியது என்று பொருள். கண் மட்டத்தில் பிடித்து நெளிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கழுவுவதற்கு நம் ஊர்ப் போர்த் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் உப்புப் படியும். பேட்டரிக் கடையிலோ மருந்துக் கடையிலோ டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மைக்ரோஃபைபர் துணியில் தோய்த்து, லேபிளை நனைக்காமல், வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு சுற்று. சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் துணி சுற்றி, நிழலில் நிற்க வைத்து உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூத்த வெள்ளைப் பூஞ்சைக்கு அந்த நீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலக்கலாம். அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

வைக்கும்போது எப்போதும் புத்தகம் போல நிற்க வையுங்கள். மாடியில் ஓட்டுக்குக் கீழே, ஜன்னல் வெயிலில், பூட்டிய காரில் வைக்காதீர்கள். சித்திரை மாதம் பிள்ளையார்பட்டிக்குப் போய், சாமி கும்பிட்டுத் திரும்பி வருவதற்குள் காரின் பின் இருக்கையில் இருந்த என் தட்டு அப்பளம் போல நெளிந்துவிட்டது. மரப் பெட்டியில் அடுக்கினால் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், கரையான் முதலில் உறையைத்தான் தின்னும்.

ஐந்தாம் படி: கேட்பது

நேரம் பாருங்கள். மார்கழி, தை என்றால் ஃபேன் இல்லாமலே உட்காரலாம். கோடையில் இரவு ஒன்பதுக்கு மேல், தெரு அடங்கிய பிறகு. கோயில் திருவிழா சமயத்தில் மைக் செட்டோடு போட்டி போடாதீர்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது விளிம்பும் லேபிளும் மட்டுமே கையில் படட்டும். சுற்றவிட்டு, கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை இரண்டு சுற்று லேசாகத் தொட விட்டு, அப்படியே வெளியே இழுத்துவிடுங்கள். ஊசியைப் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். ஒலியைக் குறைத்து வைத்து, நெம்புகோலால் கையை இறக்கி, முதல் வரியின் மெல்லிய இரைச்சல் கேட்டதும் கூட்டுங்கள்.

முதல் பக்கம் 20 நிமிடம். தொடக்கப் பாட்டு 'வானா பி ஸ்டார்ட்டின் சம்திங்' ஆறு நிமிடத்துக்கு ஓடும். அதில் ஒலி அளவை முடிவு செய்துவிட்டு, பிறகு எழுந்திருக்காதீர்கள். மூன்றாவதாக பால் மெக்கார்ட்னியோடு பாடிய 'தி கேர்ள் இஸ் மைன்' வருகிறது. பலர் தாண்டிவிடும் பாட்டு அது. தட்டில் தாண்டத் தோன்றாது. அதன் சாதுவான போக்குக்குப் பிறகு கதவு கிரீச்சிடும் ஓசையோடு 'த்ரில்லர்' தொடங்கும்போதுதான் அந்த வரிசையை ஏன் அப்படி வைத்தார்கள் என்று புரிந்தது எனக்கு. முடிவில் வின்சென்ட் பிரைஸ் பேசும் பகுதி லேபிளுக்கு மிக அருகில், அந்த 21 செ.மீ. பகுதியில் வருகிறது. அவர் குரலின் 'ஸ' ஒலிகள் சீறாமல், கடைசிச் சிரிப்பு சிதறாமல் வந்தால் புள்ளித் தாளோடு நீங்கள் பட்ட பாடு வீண் போகவில்லை. சீறினால், வரிசையாகப் பாருங்கள்: ஊசியில் தூசி, பிறகு எடை, பிறகு கோணம். பெரும்பாலும் தூசிதான்.

தட்டைத் திருப்புங்கள். 'பீட் இட்' பாட்டில் எடி வான் ஹேலனின் கிதார் வரும்போது அறை கத்துகிறதா என்று கேளுங்கள். கத்தினால் ஜமுக்காளம் இன்னும் ஒன்று தேவை. 'பில்லி ஜீன்' டிரம் மட்டும் தனியாகத் தொடங்கி, பிறகு பேஸ் நுழையும். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் வெறுமை இருக்க வேண்டும். அந்த வெறுமை கேட்டால் அறையும் மேஜையும் சரி. நான் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில், சுவருக்கு முன்னால், காற்றில் அவர் குரல் நிற்கும். 'ஹியூமன் நேச்சர்' பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அது வரும்போது யாரும் பேசாமல் இருந்தால் போதும்.

இரண்டாம் பக்கத்தின் கடைசி 'தி லேடி இன் மை லைஃப்'. மெதுவான காதல் பாட்டு. இரைச்சலான பாட்டுகளை வெளி வரிகளிலும் அமைதியான பாட்டை உள் வரிகளிலும் வைப்பது இசைத்தட்டுக் காலத்தில் பலர் கைக்கொண்ட வழக்கம். நெருக்கடியான இடத்துக்கு மென்மையான பாட்டுத்தான் பொருந்தும். இடத்துக்காகத் தன் சரணத்தை இழந்த பாட்டு இது. நான் இதைக் கேட்கும்போது அப்பத்தா வாசலில் வந்து நின்றாள். பாஷை புரியாது அவளுக்கு. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இந்தப் பய நல்லாக் கெஞ்சுறான்" என்று சொல்லி, உள்ளே வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரல் கரகரக்கவில்லை. பாட்டு தேய்ந்து மறைந்து, ஊசி வெற்று வரியில் 'டக்… டக்…' என்று சுற்றத் தொடங்கியது. எழுந்து போய்க் கையைத் தூக்கினேன். "முதல்லேர்ந்து போடு" என்றாள்.